பாம்பு சாப்பிடவில்லையா? முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள்

செல்லப் பாம்பு வளர்ப்பைப் பற்றிக் கேட்டு எழுதியவர்களில் பாதிப் பேர் கனடா, இங்கிலாந்து, அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர். பாம்பு கேட்டது பிள்ளை, கவலைப்படுவது அம்மா. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் மகன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்று ஒரு பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருளும் சின்ன மலைப்பாம்பு) வாங்கிக் கொடுத்தோம். வயது மூன்று, ஆண். நவம்பர் கடைசியில் சாப்பிட்டதுதான், இப்போது ஏழு வாரமாக எலியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மகன் தூங்குவதில்லை. பட்டினியிலேயே செத்துப்போகுமா?
வாசகி, ஸ்கார்பரோ

சாகாது அம்மா. மகனை முதலில் தூங்கச் சொல்லுங்கள்.

பால் பைத்தான் என்றாலே இந்தப் புகார்தான். கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் பிராணி அது. அங்கேயே வருடத்தில் சில மாதம் சாப்பிடாமல் இருக்கும். வளர்ந்த ஆண் பாம்புகள் குளிர்காலத்தில், அதாவது அவற்றின் இனப்பெருக்கக் காலத்தில், இரண்டு மூன்று மாதம் எலியைத் தொடாமல் இருப்பது சர்வ சாதாரணம். நம்மைப் போல உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது சாப்பாட்டை எரிப்பதில்லை, அதனால் நமக்கு ஏழு வாரம் என்பது வேறு, அதற்கு ஏழு வாரம் என்பது வேறு.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் சொல்லவில்லை. சமையலறைத் தராசு ஒன்றைப் பாம்புக்கென்றே தனியாக வாங்கி (தோசை மாவுக்கு வைத்திருப்பதை எடுத்துவிடாதீர்கள்), மூடியுள்ள டப்பாவில் பாம்பை விட்டு, வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை அப்படியே நின்றால் அது விரதம், அவ்வளவுதான். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அல்லது வாயைத் திறந்தபடி மூச்சு விட்டால், வாயோரத்தில் நுரையோ சளியோ தெரிந்தால், காத்திருக்காமல் ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கிறவரிடம் போய்ப் பயனில்லை, போன் செய்து முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதுவே சில மாதக் குட்டியாக இருந்திருந்தால் இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்கமாட்டேன். குட்டிக்குச் சேமிப்பு கிடையாது.

அடுத்து, பாம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாருங்கள். டொரன்டோ ஜனவரியில் வீட்டுக்குள் 21 டிகிரி வைத்திருப்பீர்கள். பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 வேண்டும், இரண்டுக்கும் நடுவே அது தானாகப் போய்வந்து உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். கண்ணாடியில் ஒட்டுகிற வட்டமான மலிவு தெர்மாமீட்டர் காற்றைத்தான் அளக்கும், அதையும் ஒழுங்காக அளக்காது. ஒயரின் முனையில் உணரி இருக்கிற டிஜிட்டல் ஒன்று வாங்கி, சூடான பக்கத்தில் பாம்பு ஒளிந்துகொள்ளும் ஒளிவிடத்தின் தரையில், பாம்பின் வயிறு படுகிற இடத்தில் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் 33 என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடம் 27 ஆக இருக்கும். சூடேற்றும் பாயோ விளக்கோ எதுவானாலும் தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாகத்தான் போகவேண்டும். கடையில் விற்கும் சூடாகும் கல் வேண்டவே வேண்டாம், வயிறு வெந்துபோகிற அளவு சுட்டாலும் பாம்பு அதை விட்டு நகராமல் கிடக்கும்.

பெட்டி பெரிதாக, நாலு பக்கமும் கண்ணாடியாக, நடுவில் ஒரே ஒரு மரக்கட்டையோடு அழகாக இருக்கிறதா? அந்த அழகே அதற்குப் பயம். மூன்று பக்கம் அட்டை வைத்து மறையுங்கள். உடம்பு உரசுகிற அளவுக்கு இறுக்கமான ஒளிவிடம் சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. மகனிடம் இரண்டு வாரம் கையில் எடுக்காதே என்று சொல்லுங்கள், அவனுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக எலி. பால் பைத்தானின் மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரியும், உற்றுப் பாருங்கள். வெப்பத்தை உணர்கிற குழிகள் அவை. ஆறிப்போன எலி அதன் கணக்கில் எலியே இல்லை. உறைய வைத்த எலியை முதல் நாள் இரவே ஜிப் பையில் போட்டு, சாப்பாடு வைக்காத ஃப்ரிட்ஜில் வைத்து உருகவிடுங்கள். மறுநாள் பையோடு வெந்நீரில் கால் மணி நேரம். கொதிக்கிற தண்ணீர் அல்ல, கை பொறுக்கும் சூடு. கொடுப்பதற்கு முன் தலைப் பக்கத்தை மட்டும் ஹேர் டிரையரில் காட்டி உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஏறக்குறைய 38 டிகிரி. நீளமான இடுக்கியில் இடுப்பைப் பிடித்து, இருட்டிய பிறகு, ஒளிவிடத்தின் வாசலில் மெதுவாக அசையுங்கள். மூக்கில் இடிக்கக் கூடாது. எடுக்கவில்லையா, எலியை வாசலிலேயே வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். காலையில் இருந்தால் குப்பைக்கு, திரும்ப உறைய வைக்கவே கூடாது. அப்புறம் பத்துப் பதினான்கு நாள் கழித்துத்தான் அடுத்த முயற்சி. தினமும் எலியை ஆட்டிக்கொண்டிருந்தால் சாப்பிடுகிற பாம்பும் வெறுத்துவிடும்.

மைக்ரோவேவில் சூடாக்கலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். எலி வெடிக்கும். அதற்குமேல் விவரிக்கமாட்டேன்.

என் கார்ன் ஸ்நேக் (corn snake, விஷமில்லாத வட அமெரிக்கப் பாம்பு) இந்தமுறை சட்டையை முழுசாகக் கழற்றவில்லை, துண்டு துண்டாக வந்தது. வாலில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, இடது கண் மங்கலாகத் தெரிகிறது. புருவம் பிடுங்குகிற ட்வீசரால் எடுத்துவிடலாம் என்கிறாள் மனைவி. எடுக்கலாமா?
வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

ட்வீசரைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள், முதல் வேலையாக.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடிச் செதில் ஒன்று இருக்கிறது, சட்டை உரியும்போது அதுவும் சேர்ந்து வரவேண்டும். வராமல் நின்றுவிட்டால் அடுத்த உரிப்பில் வர வாய்ப்பு இருக்கிறது. ட்வீசரால் பிடுங்கினால் அடியிலிருக்கும் புதுச் செதிலும் சேர்ந்து வந்து கண்ணே போகலாம்.

நிஜமாகவே ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உரித்த சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் தலைப் பகுதியைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கண் இருந்த இடத்தில் சின்னக் காண்டாக்ட் லென்ஸ் மாதிரி இரண்டு வட்டங்கள் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் கண்ணில் ஒட்டியிருப்பது சட்டை இல்லை, வேறு ஏதோ. அதை மருத்துவர் பார்க்கட்டும். ஒன்று ஓட்டையாக இருந்தால் அந்தப் பக்கத்துச் செதில் நின்றுவிட்டது என்று அர்த்தம். இனி ஒவ்வொரு முறையும் சட்டையை எடுத்து உதட்டிலிருந்து வால் நுனி வரை பாருங்கள், ஊசி மாதிரியான அந்த நுனியும் அதில் இருக்கவேண்டும்.

உங்களுக்கு அவசரம் கண்ணில் இல்லை, வாலில். காய்ந்த சட்டை வளையமாக இறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், இரண்டு மூன்று உரிப்பு இப்படியே போனால் நுனி கறுத்து உதிர்ந்துவிடும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட மூடி டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர், 28 முதல் 30 டிகிரி, பாம்பின் உடம்பு பாதி நனைகிற உயரத்துக்கு ஊற்றி, இருபது முப்பது நிமிடம் விடுங்கள். பக்கத்திலேயே இருக்கவேண்டும், ஆற விடக் கூடாது. பிறகு ஈரமான சொரசொரப்பான துண்டைத் தளர்வாகச் சுற்றிப் பிடித்து அதனுள்ளே பாம்பைத் தானாக ஊர்ந்துபோக விட்டால் பெரும்பாலும் துண்டிலேயே வந்துவிடும். வாலில் மிச்சம் இருப்பதை ஈர விரலால் தலையிலிருந்து வால் திசையில் மெல்ல உருட்டலாம். வரவில்லை என்றால் நாளைக்குத் திரும்ப ஊறவையுங்கள். இழுக்க வேண்டாம்.

ஏன் துண்டாக வந்தது என்பதுதான் பெரிய கேள்வி. லண்டனில் ஹீட்டிங் போட்டதும் வீட்டுக் காற்று காய்ந்துவிடும், நம் உதடு வெடிக்கும்போது அதன் சட்டையும் காயும். உரியப்போகிற சமயத்தில் பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒரு திரவம் சுரக்கிறது, அதனால்தான் கண் பாலாடை போட்டதுபோல நீலம் பாய்கிறது. சில நாளில் கண் தெளிந்துவிடும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், உரித்து, சட்டையைச் சாப்பிட்டுவிட்டதோ என்று. தெளிந்து மூன்று நான்கு நாள் கழித்துத்தான் உதட்டை எதிலாவது தேய்த்து, காலுறையைக் கழற்றுவதுபோல உள்புறம் வெளியே வர உரித்துக்கொண்டு போகும். கார்ன் ஸ்நேக்குக்குச் சாதாரணமாக 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும், பால் பைத்தானுக்கு எப்போதும் 60 பக்கம், உரிக்கும்போது இரண்டுக்கும் கூட்டவேண்டும்.

பெட்டி முழுவதும் தண்ணீர் தெளித்துச் சேறாக்காதீர்கள், நாள் முழுக்க ஈரத்தில் கிடந்தால் வயிற்றுச் செதிலில் புண் வரும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் பாம்பு நுழையும் ஓட்டை, உள்ளே பிழிந்த ஸ்பாக்னம் பாசி. கண் நீலம் பாய்ந்ததும் அதைச் சூட்டுப் பக்கம் வைத்தால் போதும். உரசிக்கொள்ளச் சொரசொரப்பான கட்டை ஒன்றும் வேண்டும். தரைக்கு ஆஸ்பென் மரச்சீவலோ தேங்காய் நார்த்தூளோ போடலாம். சீடர் (cedar) மரச்சீவலும் வாசனையுள்ள பைன் மரச்சீவலும் கூடாது, அவற்றின் எண்ணெய் பாம்பின் நுரையீரலைக் கெடுக்கும்.

இந்த நாட்களில் சாப்பாடும் வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம். கண் தெரியாத நிலையில் சாதுவான பாம்பும் சீறும், அது கோபம் இல்லை. ஒருவேளை ஈரப்பதம் எல்லாம் சரியாக இருந்தும், பாம்பு எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது என்றால், கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் கறுப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா பாருங்கள். உண்ணி. வெள்ளைக் காகிதத் துண்டில் தூக்கி விட்டால் பளிச்சென்று தெரியும்.

நாங்கள் சுத்த சைவம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் கார்ன் ஸ்நேக் கேட்கிறாள். பனீர், சோயா, முட்டை என்று ஏதாவது பழக்க முடியுமா? எலியை எங்கள் ஃப்ரீசரில் வைப்பதை என் மாமியார் தாங்கமாட்டார்.
வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

முடியாது. பனீரைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் வாய் வைப்பது என்றுகூட யோசிக்காது. பாம்புகளில் சைவம் என்று ஒன்றுகூட இல்லை. முழு எலியில் எலும்பு, ஈரல், ரோமம் எல்லாம் சேர்ந்திருப்பதால்தான் அதற்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமினும் கிடைக்கிறது, அதனால் வெறும் கோழிக்கறித் துண்டும் ஆகாது. முட்டை மட்டும் தின்கிற பாம்பு ஆப்பிரிக்காவில் உண்டு, வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பெரிய பாம்புக்குக் காடை முட்டை போதும் என்றால் குட்டிகளுக்கு அதைவிடச் சின்ன ஃபிஞ்ச் முட்டை தேடி அலையவேண்டும். முதல் பாம்பாக அதை வாங்காதீர்கள்.

மாமியார் விஷயத்தில் நான் அவர் கட்சி, காரணம் மட்டும் வேறு. உறைந்த எலியில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஃப்ரீசர் குளிர் அதைக் கொல்லாது, அமெரிக்காவிலேயே பாம்புக்கு வாங்கிய உறைந்த எலிகளால் மனிதர்களுக்குத் தொற்று பரவியிருக்கிறது. ஆகவே சின்னதாகத் தனி ஃப்ரீசர், தனி டப்பா, தனி இடுக்கி. உருக வைப்பதும் அதன் தண்ணீரும் சமையலறை சிங்க் பக்கமே வரக் கூடாது. பாம்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பு. வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தையோ எதிர்ப்புச் சக்தி குறைந்த பெரியவரோ இருந்தால் ஊர்வனவே வேண்டாம் என்பதுதான் அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை.

எலியைப் பார்த்தால் மனது வலிக்கும் என்கிற வீட்டில் பாம்பு வளர்ப்பதே தப்பு என்பது என் கட்சி. வாரத்துக்கு ஒருமுறை அழுதுகொண்டே எலி கொடுக்கிற வீட்டில் பாம்பு ஒழுங்காகச் சாப்பிடாது, பிள்ளையும் சீக்கிரம் கைவிட்டுவிடுவாள். இலை தின்கிற ஆமை, யூரோமாஸ்டிக்ஸ் ஓணான் என்று சைவ ஊர்வன இருக்கின்றன. அவையும் லேசு இல்லை, ஆனால் மாமியாரோடு சண்டை வராது.

உயிருள்ள எலி கொடுப்பதுதானே இயற்கை? செத்த எலியைக் கொடுத்துப் பாம்பைச் சோம்பேறி ஆக்குகிறீர்களே?
வாசகர், பிராம்ப்டன்

காட்டில் எலிக்கு ஓட வழி உண்டு, பெட்டிக்குள் இல்லை. ஓட முடியாத எலி கடிக்கும், உளிப் பல்லால் முதுகுத்தண்டு தெரிகிற அளவு கடிபட்ட பாம்புகளைப் பற்றி எந்த ஊர்வன மருத்துவரும் சொல்வார். பசியில்லாத பாம்போடு எலியை விட்டுவிட்டுத் தூங்கப்போனால் காலையில் எலி உயிரோடு இருக்கும், பாம்புதான் இருக்காது. எலிக்கும் இது கொடுமை. உறைந்த எலியில் இன்னொரு லாபம், அளவு பார்த்து வாங்கலாம்: பாம்பின் உடம்பு எங்கே அதிகத் தடிமனோ அந்தத் தடிமன் எலி. முட்டையிலிருந்து வந்த கார்ன் ஸ்நேக் குட்டிக்குப் பிங்கி எனப்படும் ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு ஐந்து ஏழு நாளைக்கு ஒன்று, வளர்ந்ததுக்கு ஒரு முழுச் சுண்டெலி பத்துப் பதினான்கு நாளைக்கு ஒருமுறை. சோம்பேறி ஆவதில்லை, குண்டாகத்தான் ஆகும், அதுவும் நீங்கள் பாவம் பார்த்து அடிக்கடி கொடுத்தால்.

சாப்பிட்ட மறுநாள் என் பாம்பு எலியை அப்படியே வெளியே தள்ளிவிட்டது. நாற்றம் தாங்கவில்லை. பசிக்குமே என்று உடனே இன்னொன்று கொடுத்தேன், அதையும் தள்ளிவிட்டது.
வாசகர், மிசிசாகா

அந்த இரண்டாவது எலியைக் கொடுத்திருக்கக் கூடாது. வயிற்று அமிலம் தொண்டையெல்லாம் சுட்டிருக்கும். இனிப் பத்துப் பதினான்கு நாள் தண்ணீர் மட்டும், பிறகு வழக்கத்தில் பாதி அளவு எலி ஒன்று. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: எலி பெரிது, சூட்டுப் பக்கத்தில் சூடில்லை, அல்லது சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் யாரோ கையில் எடுத்திருக்கிறார்கள். வீட்டில் விருந்தாளி வந்தார்களா? மூன்றாவது முறையும் தள்ளினால் மருத்துவர்.

எங்கள் வயலில் ஒரு சாரைக் குட்டி கிடைத்தது. விஷமில்லை என்பதால் தொட்டியில் வைத்துப் பால் ஊற்றுகிறேன், குடிக்கிறது. வேறு என்ன கொடுக்கலாம்?
வாசகர், மேலூர், மதுரை மாவட்டம்

அதைப் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்றைக்கே விட்டுவிடுங்கள், வேறு எதுவும் கொடுக்கவேண்டாம். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு, நம்மூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, சிறை வரைக்கும் போகும். பாம்பு பால் குடித்தது என்கிறீர்களே, தாகத்தில் எதை வைத்தாலும் குடிக்கும். பால் அதற்குச் செரிக்காது. ஆடி மாதம் புற்றில் ஊற்றுகிற பாலும் எறும்புக்குத்தான் போகிறது. சாரை உங்கள் வயலில் எலி பிடிக்கட்டும், அதற்கு நீங்கள் சம்பளம்கூடக் கொடுக்கவேண்டாம்.

வெளிநாட்டுப் பாம்பாவது வாங்கலாமே என்று சென்னையிலிருந்து சிலர் கேட்டிருக்கிறார்கள். பால் பைத்தான் சைட்டிஸ் (வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் வந்த விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். பாங்காக்கிலிருந்து வந்தவர்களின் பெட்டிக்குள் காலுறையில் முடிந்துவைத்த குட்டிகள் சென்னை விமான நிலையத்தில் எத்தனையோ முறை பிடிபட்டிருக்கின்றன. காகிதம் இல்லாமல் விற்கிறவரிடம் விலை குறைவு என்று வாங்காதீர்கள். பாம்பைப் பார்க்கத்தான் ஆசை என்றால் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது.

சிங்கப்பூரில் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாம்பு வளர்க்கலாமா?
வாசகர், செங்காங்

கூடாது. எச்டிபியில் மட்டுமல்ல, பங்களாவிலும் கூடாது. பாம்பு அங்கே அனுமதிக்கப்பட்ட செல்லப்பிராணிப் பட்டியலிலேயே இல்லை.

என் பாம்புக்கு என்னைத் தெரியுமா? பாசம் இருக்குமா?
வாசகி, மார்க்கம்

உங்கள் வாசனை பழகும், பயம் போகும். தோளில் படுத்திருப்பது சூட்டுக்காக.

மகன் பால் பைத்தான் கேட்கிறான், இன்னும் இரண்டு வருடத்தில் யூனிவர்சிட்டி போய்விடுவான். பால் பைத்தான் அதுவரைக்கும் உயிரோடு இருக்குமா, இல்லை அதற்குள் முடிந்துவிடுமா? ஊரில் வைத்திருக்கத் தடை ஏதும் உண்டா?
வாசகர், டொரன்டோ

பாம்பை வாங்குவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அதற்கே ஒரு நன்றி. டொரன்டோ நகர விதிப்படி மூன்று மீட்டருக்குமேல் வளரக்கூடிய பாம்பு இனங்களுக்கும் விஷப் பாம்புகளுக்கும்தான் தடை, பால் பைத்தான் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவது அபூர்வம், அதனால் சிக்கல் இல்லை. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

ஆயுள்தான் விஷயம். கார்ன் ஸ்நேக் பதினைந்து இருபது வருடம், பால் பைத்தான் சாதாரணமாக இருபது முப்பது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஒரு பெண் பால் பைத்தான் 2020இல் ஏழு முட்டை போட்டது, அப்போது அதற்கு வயது 62க்குக் குறையாது, பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஆண் பாம்பையே பார்க்காமல். உங்கள் மகன் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் இந்தப் பாம்பு இருக்கலாம். பல்கலைக்கழக விடுதிகள் பெரும்பாலும் பாம்பை உள்ளே விடாது. ஆக, அவன் போன பிறகு எலி உருக வைக்கப்போவது நீங்களா, உங்கள் மனைவியா? அதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு, பெட்டியையும் தெர்மோஸ்டாட்டையும் முதலில் வாங்கி, பாம்பே இல்லாமல் ஒரு வாரம் ஓடவிட்டு, சூடு நிற்கிறதா என்று பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். கடையில் அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.